மீன் உண்ட இறைவனும் மால்குடிச் சிறுவனும்

குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றை எடைபோடும்போது, ‘இது என்ன நீதி சொல்கிறது?’ என்றே நாம் முதலில் கேட்கிறோம். குழந்தையின் உள்ளத்தில் அது எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்று கேட்பது அரிது. மண்டபத்தூரில் மாலைப் பாடத்துக்கு வரும் மீனவப் பிள்ளைகளோடு அமர்ந்து ‘மால்குடி டேஸ்’ தொடரைப் பார்த்த அன்று, இந்த வேறுபாடு எனக்கு விளங்கிற்று.

ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் நாவலும் இத்தொடரில் இடம்பெறுகிறது. சென்னையில் பிறந்த அவர் ஆங்கிலத்தில் படைத்த கற்பனை ஊருக்கு, இயக்குநர் சங்கர் நாக் கர்நாடகத்து அகும்பே கிராமத்தில் உருவம் தந்தார். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிய சுவாமிக்கு நான்தான் தமிழில் குரல் கொடுத்தேன். ஆனால் சிறுவன் மஞ்சுநாத்தின் மிரண்ட விழிகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் 1974 முதல் 1983 வரை வந்த ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’ என்னும் குடும்பத் தொடரில், பிள்ளைகளின் சிக்கல்களைப் பெரும்பாலும் தந்தையின் கனிந்த சொல் தீர்த்துவைக்கும். மால்குடியில் அத்தகைய ஆறுதல் இல்லை. கிரீஷ் கர்னாட் ஏற்ற தந்தை கண்டிப்பானவர். அவருடைய அன்பை நாமே தேடிக் கண்டுகொள்ள வேண்டும். குழந்தையின் அச்சத்தை அச்சமாகவே காட்டிவிட்டு விலகி நிற்பதே இத்தொடரின் சிறப்பு.

கிறிஸ்தவர்களாகிய நம்மை நெளியவைக்கும் இடமும் இக்கதையில் உண்டு. மிஷன் பள்ளியில் மறைநூல் கற்பிக்கும் எபனேசர் என்னும் ஆசிரியர் இந்துக்களின் வழிபாட்டை இகழ்கிறார். எதிர்த்துக் கேட்ட சுவாமியின் காதைத் திருகுகிறார். தந்தை தலைமையாசிரியருக்குக் கண்டனக் கடிதம் எழுதுகிறார். நாவலில் சுவாமி கேட்பது இதுதான்: இயேசு கடவுள் என்றால் அவர் எப்படி மீனும் இறைச்சியும் உண்டிருப்பார்?

இதை நான் எடுத்துச் சொன்னதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “மீன் சாப்பிட்டா சாமி இல்லையா சார்?” என்றான் ஒருவன். அவன் தந்தை அன்றிரவு கடலுக்குப் போயிருந்தார். சற்று அமைதிக்குப் பின் ஒரு சிறுமி கேட்டாள்: “அந்த வாத்தியார் ஏன் சார் அடுத்தவங்க சாமியத் திட்டுனாரு?”

முதற் கேள்விக்கு விடை எளிது. உயிர்த்த இயேசு திபேரியாக் கடற்கரையில் தீ மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்கு மீனும் அப்பமும் பரிமாறியதை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. இரண்டாம் கேள்விக்கு என்னால் உடனே விடைகூற இயலவில்லை. எபனேசர் நம்முள் யாருமல்லர் என்று துணிந்து சொல்ல நா எழவில்லை.

இத்தொடருக்கு ஓர் எல்லை உண்டு. சுவாமியின் கதை நகரத்து நடுத்தரக் குடும்பம் ஒன்றின் முற்றத்திலிருந்து உலகைக் காண்கிறது. வலையும் உப்புக் காற்றும் அங்கே இல்லை. மண்டபத்தூர்ப் பிள்ளைகள் விருந்தினராகவே அவ்வீட்டினுள் நுழைகிறார்கள். அவர்களுடைய கரையிலிருந்து உலகைக் காணும் தொடர் ஒன்று அவர்களுக்கும் வேண்டும்.

ஆயினும் எபனேசரை மறைக்காத நேர்மைக்காகவே இத்தொடரை நம் இல்லங்களில் காட்டவேண்டும் என்பேன். ஒரு நிபந்தனை: பெரியவர்கள் உடன் அமர்ந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி கேள்வியை எழுப்பிவிட்டு அணைந்துவிடும். அதன்பின் குழந்தை திரும்பிப் பார்ப்பது நம் முகத்தையே. அப்போது அங்கே எபனேசரின் முகம் தெரியுமா, கடற்கரையில் மீன் சுட்டுக் காத்திருந்தவரின் முகம் தெரியுமா?