சையன் மேலங்கி
சையன் மேலங்கி என்பது 1310–1320 காலப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான அரைவட்டத் திருவுடை ஆகும். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தகைய மேலங்கிகளைக் குருக்கள் பவனிகளில் அணிவர். இதன் லினன் துணி முழுவதும் பட்டாலும் பொன்முலாம் பூசிய வெள்ளி இழையாலும் பூத்தையல் செய்யப்பட்டது.

இதிலுள்ள இரு உயிர்ப்புக் காட்சிகளும் தொடுதலைப் பற்றியவை. தம்மைத் தொட வேண்டாமென மகதலா மரியாவிடம் கூறும் இயேசு, தோமாவைத் தம் விலாவில் கையிடச் சொல்கிறார்.

பொன்னிழையைத் துணியின் பின்புறம் இழுத்துப் பிணைத்திருப்பதால் ஆடை விறைப்பின்றி மடியும். நடக்கையில் மெழுகுதிரி ஒளியில் உருவங்கள் மின்னும். கண்ணாடிக்குள் விரித்து வைக்கையில் அது வெறும் ஓவியமாகிறது. பாதுகாப்புக்கு அது தேவையே. எனினும் இக்கலையை மதிப்பிடுவோர் தட்டையான படத்தை அல்ல, உடலில் அசையும் ஆடையையே கருத வேண்டும்.