நாகேஷின் தழும்பும் நம்ம ஊர் ஹெட்ஷாட்டும்

அக்கா பையனுக்கு நடிகராகணும். போன மாதம் திருப்பூரிலேயே ஒரு ஸ்டுடியோவில் 12 ஹெட்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். "எப்படிங்க மாமா இருக்கு?"

நல்லாத்தான் இருந்தது. ஆனா அது அவனில்லை. பையன் நல்ல கருப்பு. படத்தில் கோதுமை நிறம். புருவத்துக்கு மேலே சைக்கிளில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு, அதையும் காணோம்.

ஸ்டுடியோக்காரர் கல்யாண ஆல்பத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்திருக்கிறார். ஆனால் மாப்பிள்ளை படத்தைப் பார்ப்பது மாப்பிள்ளை வீடு. ஹெட்ஷாட்டைப் பார்ப்பது ஆள் தேடும் உதவி இயக்குநர். படத்தை நம்பிக் கூப்பிட்டால் வேறு முகம் வந்து நிற்கிறது என்றால் கதை அங்கேயே முடிஞ்சது.

நம்ம ஊருக்கு இது புரியாததா என்ன? லேப் டிப்பில் பையர் ஓகே சொன்ன ஷேடு வரலைன்னா லாட்டையே திருப்பி அனுப்புகிறோம். லைட் பாக்ஸில் டி65 வெளிச்சத்தில் ஒரு தடவை, கடை வெளிச்சமான டிஎல்84-ல் ஒரு தடவை பார்க்கிறோம். துணிக்குக் காட்டும் இந்த அக்கறை முகத்துக்கு இல்லை.

கோளாறு படம் எடுக்கும்போதே ஆரம்பிக்கிறது. பின்னால் வெள்ளைத் திரை. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை நிறைய இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைக்கும். கருத்த முகம் இன்னும் இருண்டுவிடும். அதை போட்டோஷாப்பில் தூக்கும்போது நிறம் போய்விடுகிறது. சாம்பல் சுவர், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம், முகத்தில் விழும் ஒளியைத் தனியாக அளப்பது, இவ்வளவு போதும். கருத்த தோலுக்கு உயிரே அதன் மினுமினுப்புதான். ஸ்மூத்திங் முதலில் கொல்வது அதை. இரண்டு படங்களில் மூக்கு பெருத்துத் தெரிகிறது. ரொம்பக் கிட்டே போய் எடுத்ததன் விளைவு. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்றிருக்கலாம்.

பம்பாய் தாதரில் 1948-ல் இந்தியா போட்டோ ஸ்டுடியோ தொடங்கிய ஜே.எச். தாக்கர் எடுத்த நட்சத்திரப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவை கனவை விற்க எடுத்தவை. அவர் எடுத்தது ஏற்கெனவே நட்சத்திரமானவர்களை. வாய்ப்பு தேடுபவனுக்கு அந்தப் பாணி பொருந்தாது.

நாகேஷை நினைத்துக்கொண்டேன். தாராபுரத்தில் 1933-ல் பிறந்தவர். (தாராபுரம் இப்போது நம்ம மாவட்டம். அவர் மறைந்தது 2009 ஜனவரி 31. திருப்பூர் மாவட்டம் உருவானது அடுத்த மாதம்.) ஒட்டிய கன்னம், முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு. ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ இரண்டும் 1964. முதலாவது கலர், அடுத்தது கருப்பு வெள்ளை. பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் அந்த முகத்தைப் பாருங்கள். அதை வழவழவென்று தேய்த்து ஒரு ஹெட்ஷாட் எடுத்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? ஒல்லியான ஒரு பையன், அவ்வளவுதான்.

"வெளுப்பா இருந்தாத்தான் கூப்பிடுவாங்க" என்றாராம் ஸ்டுடியோக்காரர். முழுப் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆண்களுக்கு ரஜினிகாந்த், விஜயகாந்த் என்று காட்டிவிடலாம். கதாநாயகிகளுக்கு யாரைக் காட்டுவது? யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நானே நாலு படம் எடுத்தேன். ராத்திரி பையன் போன் செய்தான். "அம்மா பார்த்துட்டு, ஏன்டா உன்னை இவ்வளவு கருப்பா எடுத்திருக்கான்னு கேக்கறாங்க மாமா."

எந்தப் படத்தை அனுப்பினான் என்று இன்னும் சொல்லவில்லை.