அழைப்பு ஒருவருக்கா, இல்லத்திற்கா?
நம் மிஷனெரி வரலாறுகளைப் பற்றி ஓர் ஆய்வு

திருநெல்வேலித் திருச்சபைக்கு மிஷனெரிமாரின் வாழ்க்கை வரலாறுகள் ஏறத்தாழ இரண்டாவது வேதபாடமாகவே விளங்கி வந்துள்ளன. ஞாயிறு பள்ளியிலும், வாலிபர் கூட்டங்களிலும், மிஷனெரி ஞாயிறுகளிலும் இவ்வரலாறுகளைக் கேட்டே நம்மில் பலர் ஊழியத்திற்கு வந்தோம். ஆகவே அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு திருச்சபை திரும்பத் திரும்பச் சொல்லும் கதை, கேட்போரின் இறையியலை உருவாக்குகிறது. அக்கதையில் எது சொல்லப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதை ஆராய்வது போதகருக்கும் இறையியல் மாணவருக்கும் உரிய கடமையாகும்.

இவ்வரலாறுகள் சொல்லப்படும் முறை நமக்கு நன்கு தெரியும். ஓர் இளைஞர் தனித்து ஜெபிக்கிறார், கண்ணீர் விடுகிறார், தேவ சத்தத்தைக் கேட்கிறார். அடுத்த வாக்கியத்தில் அவர் பணித்தளத்தில் நிற்கிறார். இடையில் ஒரு மனைவி இருந்தாரா, குழந்தைகள் எங்கே படித்தனர், முதிர்ந்த தாயை யார் பராமரித்தனர், புதிய மொழியை யார் யார் கற்றனர் என்பனவெல்லாம் கதைக்குப் புறம்பானவையாகத் தள்ளப்படுகின்றன. அழைப்பு ஒருவருக்கே உரியது, ஆயத்தம் வெறும் ஏற்பாடு என்ற கருத்து இவ்வாறு நம்முள் வேரூன்றிவிட்டது. இக்கருத்து திருமறைக்கும் பொருந்தாது, நமது சொந்த வரலாற்றிற்கும் பொருந்தாது என்பதே நாம் இங்குச் சொல்ல விரும்புவது.

விடுபட்ட ஏழு ஆண்டுகள்

நமது மேடைகளில் மிகுதியாகச் சொல்லப்படும் வரலாறு பேராயர் அசரியாவினுடையது. அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர் கடலைக் கடந்து, இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்கு மிஷனெரிகளை அனுப்பித் தாங்கி வருவதைக் கண்டார். எண்ணிக்கையில் சிறிய யாழ்ப்பாணத் திருச்சபை செய்வதைப் பெரிய திருநெல்வேலித் திருச்சபை செய்யவில்லையே என்று உள்ளம் குத்துண்டார். 1903 பெப்ருவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆட்கள், பணம், நிர்வாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையவை என்பது அதன் கொள்கை. அசரியா அதன் செயலாளரானார். சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனெரியாக நிஜாம் இராச்சியத்தின் தெலுங்குப் பகுதிக்குச் சென்றார்.

இவ்விடத்தில் நமது பிரசங்கிமார் உடனே 1912-க்குத் தாவுவர். அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்ற காட்சியோடு கதை முடியும். ஆனால் அசரியா தம் குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குக் குடியேறியது 1909-இல்தான். யாழ்ப்பாணத் தரிசனத்திற்கும் இக்குடியேற்றத்திற்கும் இடையே ஏழு ஆண்டுகள் உள்ளன. இவ்வேழு ஆண்டுகளை நாம் என்ன செய்வது?

வெறும் தாமதம் என்று தள்ளிவிடலாகாது. அவ்வாண்டுகளில் அவர் மற்றவர்களை அனுப்பும் பணியில் ஈடுபட்டிருந்தார். 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் எழுந்தபோதும் முன்னின்றார். தெலுங்கு நாட்டின் பணித்தளத்தைப் பார்வையிட்டபோது, பிறரைப் போகச் சொல்லும் தாம் ஏன் போகலாகாது என்ற வினா அவரைப் பற்றிக்கொண்டது. அதற்கு விடையளித்தபோது அவருக்கு வயது 35. வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தில் தேசமறிந்த பதவியும், குழந்தைகளோடு கூடிய குடும்பமும் அவருக்கு இருந்தன. அந்த வயதில் ஒருவர் புதிய மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்பதும், குருத்துவத்திற்கு ஆயத்தமாவதும், அறியாத நாட்டில் வீடு அமைப்பதும் ஒரு கண்ணீர் ஜெபத்தில் முடியும் காரியங்கள் அல்ல. அவரது கீழ்ப்படிதலின் ஆழம் நமக்குத் தெரிவது இங்கேதான். நமது கதையோ இப்பகுதியையே வெட்டி எறிந்துவிடுகிறது.

தோர்ணக்கல் கடலுக்கு அப்பால் இல்லையே என்று சிலர் கேட்கலாம். பொருநைக் கரையிலிருந்து சென்ற ஒரு குடும்பத்திற்கு அங்கு மொழி வேறு, எழுத்து வேறு, உணவு வேறு, ஆட்சியும் வேறு. யாழ்ப்பாணத்தார் தொண்டிக்குச் செல்லக் கடல் கடந்தனர். ஆனால் தமிழிலிருந்து தமிழுக்கே சென்றனர். அசரியா குடும்பத்தார் கடல் கடக்கவில்லை. ஆனால் அந்நிய நாட்டிற்கே சென்றனர். அருட்பணியில் தூரத்தை அளக்கும் கோல் கப்பற்பயணம் மட்டுமன்று.

துணைவியார் என்ற ஒரு சொல்

நம் வரலாறுகளில் மிஷனெரியின் மனைவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சொல்: ‘துணைவியார்’. அன்பு மரியம்மாளுக்கும் அதுவே நேர்ந்துள்ளது. 1898-இல் அசரியாவை மணந்த இவ்வம்மையார் அக்காலத் திருநெல்வேலியில் உயர்கல்வி பெற்ற மிகச் சில பெண்களுள் ஒருவர். வரதட்சிணையின்றி, எளிய முறையில் அத்திருமணம் நடந்ததை வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. இதை ஒரு நற்பண்புச் செய்தியாக மட்டும் வாசித்துக் கடந்துவிடக்கூடாது. பெண் வீட்டார் பணத்தில் வாழ்க்கையைத் தொடங்க மறுத்த இல்லம், பின்னொரு நாள் ஏழைச் சபைகளின் காணிக்கையில் வாழவும் ஆயத்தமாயிருந்தது. தோர்ணக்கல் குடியேற்றத்திற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே ஆயத்தம் மணப்பந்தலில் தொடங்கிவிட்டது என்பதே நம் துணிபு. பின்னர் அவ்வம்மையாரும் தெலுங்கு கற்றுப் பெண்களிடையே உழைத்தார்.

இவ்வகையில் நூல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். தோர்ணக்கல் அத்தியட்சாதீனத்தில் ஊழியம் செய்த கரோல் கிரகாம், பேராயர் மறைந்த மறு ஆண்டாகிய 1946-இல் வெளியிட்ட வரலாறு பக்தியுணர்வோடு எழுதப்பட்டது. சூசன் பில்லிங்டன் ஹார்ப்பர் 2000-இல் வெளியிட்ட பெருநூல், காந்தியடிகளோடு அசரியாவுக்கு ஏற்பட்ட கருத்து மோதலையும் அக்கால அரசியலையும் விரிவாக ஆராய்கிறது. இவற்றில் அவ்வில்லத்தைப் பற்றிய செய்திகள் இல்லாமலில்லை. அவற்றை மேடைக்கும் சிறு பிரதிகளுக்கும் கொண்டுவரும்போது நாம்தாம் வடிகட்டிவிடுகிறோம். குற்றம் மூலநூல்களில் இருப்பதைக் காட்டிலும் நமது மறுகூறலிலேயே மிகுதி.

மேனாட்டவர் வரலாற்றையும் நாம் இவ்வாறே சொல்லி வந்தோம். கால்டுவெல் என்றால் ஒப்பிலக்கணம், இடையன்குடி ஆலயம். 1844-இல் அவரை மணந்த எலைசாவோ நாகர்கோவில் மிஷனெரியாகிய சார்லஸ் மால்ட் என்பாரின் மகள். இம்மக்கள் நடுவில் வளர்ந்து, அவர்கள் பேச்சை இளமையிலேயே அறிந்தவர். இடையன்குடியில் பெண்கள் பள்ளியும், பெண்களுக்கு வருவாய் அளித்த லேஸ் பின்னலும் அவர் கையால் வளர்ந்தன. இலக்கணம் எழுதிய அறிஞரின் வீட்டில், மக்களின் மொழியை முன்னரே பேசிய ஒருவர் இருந்தார். இதைச் சொல்லாமல் கால்டுவெல்லின் ஊழியத்தை விளக்குவது பாதி விளக்கமே.

எடின்பரோவும் சமையலறையும்

1910-இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா ஆற்றிய உரையை அறியாத மாணவர் இலர். மேனாட்டு மிஷனெரிமார் தியாகம் செய்கின்றனர், கொடுக்கின்றனர். ஆனால் இந்திய உடனூழியரை நண்பராக ஏற்பதில்லை என்ற அவரது முறையீட்டை, இந்தியர் மேனாட்டவரை நோக்கி எழுப்பிய குரலாகவே நாம் வாசித்து வருகிறோம். அது சரியே, ஆனால் முழுமையன்று. அவ்வுரையை ஆற்றியவர் அதற்கு முந்திய ஆண்டில்தான் தாமே வேற்றுமொழி நாட்டிற்கு மிஷனெரியாகக் குடியேறியிருந்தார். தெலுங்கு மக்களின் பார்வையில் அவரும் அயலாரே. ஆகவே நட்பைக் கேட்ட வாய், நட்பைக் கொடுக்கவும் கடன்பட்டிருந்தது.

அக்கடன் செலுத்தப்பட வேண்டிய இடம் எது? பிரசங்க பீடம் அன்று, வீட்டின் உண்ணும் பலகையே. தோர்ணக்கல் பகுதியில் திருச்சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். திருநெல்வேலியிலிருந்து செல்லும் எந்தக் கிறிஸ்தவ இல்லமும் சாதியின் நினைவைத் தன் மூட்டைமுடிச்சுகளோடு கட்டிச் செல்லாமல் இருப்பது அரிது. யாரை அடுக்களை வரை அனுமதிப்பது, யாருடைய கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது, பிள்ளைகள் யாரோடு விளையாடுவது என்பவற்றைத் தீர்மானிப்பது மிஷனெரி மட்டுமல்லர். அவருடைய முழுக் குடும்பமுமாகும். கணவர் சமத்துவத்தைப் பிரசங்கித்து, இல்லம் அதை ஏற்காவிடின், கேட்போர் நம்புவது இல்லத்தையே. ஆவிக்குரிய ஆயத்தம் என்று நாம் கூறும்போது உபவாசத்தையும் வேதவாசிப்பையும் மட்டும் எண்ணுகிறோம். இந்த மனந்திரும்புதலே அவ்வாயத்தத்தின் நடுப்பொருள்.

பிள்ளைகளும் வழிச்சத்திரமும்

யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தில் மோசே எரிகிற முட்செடியினின்று நேரே பார்வோனிடம் செல்லவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் கழுதையின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். வழியில் தங்கிய இடத்தில், இல்லத்தில் நிறைவேறாதிருந்த விருத்தசேதனத்தின் பொருட்டு உயிர் ஆபத்து நேரிடுகிறது. அவரைக் காத்தது சிப்போராளின் செயல். விளக்குவதற்கு அரிய பகுதி இது. எனினும் அழைப்பைப் பெற்றவரின் வீட்டுக் காரியம் அழைப்புக்கு வெளியே நிற்பதில்லை என்பது தெளிவு. மறுபுறம், அப்போஸ்தலர் நடபடிகளில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு, கொரிந்துவிலும் எபேசுவிலும் ஒரே தொழிலும் ஒரே வீடுமாக ஊழியம் செய்ததைக் காண்கிறோம். அவர்களுள் யாருக்கு அழைப்பு வந்தது என்று லூக்கா பிரித்துச் சொல்லவில்லை.

பிள்ளைகளின் கல்வியைப் பற்றிக் கவலைப்படுவது அவிசுவாசம் என்று எண்ணியோர் நம்மிடையே உண்டு. ஆயினும் நம் மண்ணிலேயே அதற்கு விடை எழுந்துள்ளது. 1959-இல் ஜெபக்குழுவாகத் தொடங்கி, 1967-இல் பெரியமலைக்கு முதல் மிஷனெரியை அனுப்பிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, வடநாட்டுப் பணித்தளங்களில் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கென டோனாவூரில் சந்தோஷ வித்யாலயாவை நடத்துகிறது. இப்பள்ளி ஓர் இறையியல் அறிக்கை என்றே சொல்லலாம். குழந்தைகள் பெற்றோரின் பலிபீடத்தில் வைக்கப்படும் காணிக்கை அல்லர். அவர்களும் திருச்சபையின் பொறுப்பு என்று அது சாட்சி கூறுகிறது. ஆனால் பெற்றோரைப் பிரிந்து பல மாதங்கள் விடுதியில் வளரும் பிள்ளையின் ஏக்கத்தைப் பள்ளி ஒன்றே தீர்த்துவிடாது. அவ்வேக்கத்தைப் புறப்படுமுன்னரே பிள்ளையிடம் அதன் வயதுக்கேற்ற சொல்லில் பேசித் தீர்மானிப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே.

ஓர் ஆட்சேபம்

இவ்வளவு ஆயத்தத்தை வற்புறுத்தினால் விசுவாசத்திற்கு இடமேது, ஆபிரகாம் போகும் இடம் அறியாமலே புறப்பட்டாரே என்று கேட்கலாம். மெய்தான். ஆனால் அவர் தனித்துப் புறப்படவில்லை. சாராயையும், தம்மைச் சார்ந்த யாவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். இடத்தை அறியாதிருப்பது வேறு. உடன் வருபவரை அறியாதிருப்பது வேறு. முன்னது விசுவாசம், பின்னது அசட்டை. கோபுரம் கட்டுமுன் செல்லுஞ் செலவைக் கணக்கிடச் சொன்னவர் நம் ஆண்டவரே.

அதேவேளையில் இன்று பரவி வரும் பயிற்சிக் கையேடுகளையும் நாம் கண்மூடி ஏற்பதற்கில்லை. தடுப்பூசி, பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, மொழிப் பயிற்சி என அவை பட்டியலிடுகின்றன. முடிவில் ‘ஜெபம்’ என்று ஒரு வரி சேர்க்கின்றன. பழைய வரலாறுகள் ஆயத்தத்தை மறைத்து அழைப்பை மட்டும் காட்டின. புதிய கையேடுகள் அழைப்பை மறந்து ஆயத்தத்தை மட்டும் காட்டுகின்றன. ஆவிக்குரியதையும் நடைமுறைக்குரியதையும் பிரிப்பதில் இரண்டும் ஒன்றே.

இவை பிரியாதிருந்த ஒரு பழக்கம் நம் முன்னோரிடம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை ஊழியத்திற்கென எடுத்து வைத்தனர் நம் தாய்மார். அசரியா தோர்ணக்கல் சபைகளிலும் இப்பிடியரிசிக் காணிக்கையை வளர்த்தார். அது ஜெபமா, பணமா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. அனுப்பப்படும் இல்லம் மட்டுமன்றி, அனுப்பும் இல்லங்களும் அடுப்படியில் ஆயத்தப்பட்டன.

முடிவாக

வேட்பாளரைத் தெரிந்தெடுக்கும் குழுக்களும் இறையியல் கல்லூரிகளும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அழைப்பின் சாட்சியைக் கணவரிடம் கேட்பது போலவே மனைவியிடமும் தனியே கேட்க வேண்டும். அவர் தயங்கினால் அத்தயக்கத்தை எதிர்ப்பாகக் கொள்ளாமல், தேவன் அவ்வில்லத்தோடு பேசும் இன்னொரு குரலாக ஏற்றுக் காத்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் காத்திருந்த இல்லத்திலிருந்து கர்த்தர் ஒரு திருச்சபையையே எழுப்பினார்.

நாமும் அடுத்த மிஷனெரி ஞாயிறன்று அசரியாவின் வரலாற்றைச் சொல்லும்போது, மரத்தடியில் ஜெபித்த மனிதரோடு நிறுத்தாமல், தெலுங்கு எழுத்துகளைக் கூட்டி வாசித்த அந்த இல்லத்தையும் சொல்வோமாக. கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர் மட்டுமன்றி, அவர் அருகே அமர்ந்திருக்கும் மனைவியும், மடியிலிருக்கும் குழந்தையும் அக்கதையில் தங்களுக்கு ஓர் இடம் உண்டென்று காண்பார்களாக.