ஹென்றியும் ஒரு பூட்டிய வீடும்

ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973) நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தேன். கோட்பாடுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இல் எழுதியதைத் தாமதமாகக் கேள்விப்பட்டு, சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டேன். ஆசிரியனைப் புதைத்தாயிற்று. ஹென்றியைத்தான் புதைக்க முடியவில்லை. "இன்னுமா அவனைக் கட்டிக்கிட்டு அழறே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

அவர்களுடைய குற்றச்சாட்டு லேசில் தள்ளக்கூடியதல்ல. பிறப்பு தெரியாத ஹென்றி, தன்னை வளர்த்த சபாபதிப் பிள்ளையின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு வருகிறான். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்கிறான். சாதி பற்றிய கேள்வி அவன்மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. துரைக்கண்ணு அவனை அண்ணன் மகனாகவே ஏற்கிறான். ஒரு தமிழ்க் கிராமம் இவ்வளவு சுலபமாக இளகுமா? வளர்த்தவரின் பெயரைக் கழித்துவிட்டு, இதே ஹென்றி ஒரு சேரியிலிருந்து நடந்து வந்திருந்தால்? பிரதி இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் நகர்ந்துவிடுகிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

எனக்கு இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினையும் அல்ல. வேலை கிடைத்த புதிதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். "நீங்க என்ன ஆளுங்க?" என்றார் ஒரு வீட்டுக்காரர். ஹென்றியை நினைத்துக்கொண்டு, "தெரியாதுங்க" என்று சிரித்தேன். கதவு சாத்தப்பட்டது. ஹென்றியின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. என் சிரிப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அடையாளமற்றிருப்பது விடுதலையா அனாதைத்தனமா என்பதைக் கையிலுள்ள சாவிதான் தீர்மானிக்கிறது. நாவல் சொல்லாத இதை அன்று தெருவில் நின்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் என்ன பிரியம்? சாவி கைக்கு வந்தபின் ஹென்றி என்ன செய்கிறான் என்று பாருங்கள். நிலம் நீச்சு அவனுக்குப் பெரிதில்லை, அப்பாவின் வீடு போதும். புத்தி பேதலித்த பேபி ஆடையில்லாமல் ஊருக்குள் வரும்போது, அவள் யார், எவர் என்று விசாரணை வைப்பதில்லை. அவள் தங்குகிறாள். வந்தது போலவே ஒருநாள் போயும்விடுகிறாள். வீடு அவனிடம் இருக்கிறது, வீட்டுக்காரத்தனம் இல்லை. ஊர் அவனைக் கேட்காமல் விட்டது ஆசிரியரின் சலுகை என்றே வைத்துக்கொள்வோம். பிறரை அவன் கேட்காமல் விட்டது அவனுடைய காரியம்.

இப்போது எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. சென்ற வருஷம் மாடிப் போர்ஷனைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். "யாரு என்னன்னு விசாரிச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து மனைவி ஜாடை காட்டினாள். கேள்வி என் வாய்வரைக்கும் வந்துவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

நாவல் மீதான விமர்சனத்தில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. ஹென்றியையும் விடுவதாக இல்லை.