"நைட்டு எங்க பாடு சார்": குந்தாபுரப் பிரகடனத்தை பழவேற்காட்டில் வைத்து வாசித்தல்

பழவேற்காட்டுக்கு நான் போனது டச்சுக் கல்லறைகளைப் பார்க்கத்தான். திரும்பும்போது படகுத்துறையில் ஒரு பையன் வலையிலிருந்து இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

"தம்பி, ஸ்கூல் இல்லையா?"

தலை நிமிராமலே சொன்னான்: "நைட்டு எங்க பாடு சார். இப்பதான் கரைக்கு வந்தோம்."

'படாத பாடு' என்கிறோமே, அந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாடு என்பது அந்த ஏரியின் முறைவைப்பு. இறால் கிடைக்கும் இடங்களில் எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்த நாளில் வலை கட்டலாம் என்று மீனவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்கணும். ஆக, பையன் என்னிடம் சாக்கு சொல்லவில்லை, அவன் வீட்டு டைம்டேபிளைச் சொல்லியிருக்கிறான்.

குழந்தைத் தொழிலாளர் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்போது அந்த ஒரு வரியைத்தான் டெஸ்ட் கேஸாக ஓட்டிப் பார்க்கிறேன். இந்த முறை ஓட்டியது 1996ஆம் ஆண்டின் குந்தாபுரப் பிரகடனத்தில்.

தெரியாதவர்களுக்குச் சின்ன முன்கதை. கர்நாடகத்தில் 1990இல் உழைக்கும் சிறுவர்கள் 'பீம சங்கம்' என்று தங்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1996 இறுதியில் கர்நாடகக் கடற்கரை ஊரான குந்தாபுரத்தில் 30க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த உழைக்கும் சிறுவர்களின் பிரதிநிதிகள் கூடிப் பத்து அம்சங்களை எழுதினார்கள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதே டிசம்பர் 10ஆம் தேதி, சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு ஆவணங்கள். நமக்கு நினைவிருப்பது பெரியவர்கள் எழுதியது மட்டும்.

சிறுவர்கள் எழுதியதில் என்னைக் கவர்ந்தது அதன் நிதானம். சிறுவர் செய்த பொருள்களைப் புறக்கணிக்காதீர்கள் என்கிறது. முதலில் இது அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் 1992இல் வந்த ஹார்கின் மசோதாவுக்குப் பயந்து ஆடைத் தொழிற்சாலைகள் ஏறக்குறைய 50,000 சிறுவர்களை வெளியே அனுப்பின. பலரும் பள்ளிக்கூடம் போகவில்லை. கல் உடைப்பது மாதிரி இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனதாக யூனிசெஃப் பின்னர் எழுதியது. வறுமையை முதலில் கவனியுங்கள், எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களையும் கேளுங்கள் என்ற அம்சங்களும் வெறும் முழக்கம் இல்லை. குந்தாபுரம் வட்டாரத்தில் 'மக்களப் பஞ்சாயத்து' என்ற சிறுவர் பஞ்சாயத்துகள் கேட்டவற்றில் ஒன்று, ஓடைகளைக் கடக்க நடைபாலம். மழைக்காலத்தில் பள்ளிக்குப் போக முடியாததன் காரணம் அவர்களுக்குத்தானே தெரியும்!

இடிப்பது பத்தாவது அம்சம். சுரண்டல் வேண்டாம், ஆனால் படிக்கவும் விளையாடவும் நேரம் விடுகிற, கண்ணியமான வேலை வேண்டும் என்கிறது. நியாயம்தான். ஆனால் எந்த வயதில்? நேரத்தை யார் நிர்ணயிப்பது? பழவேற்காட்டில் அதைத் தீர்மானிப்பது நீரோட்டமும் பாட்டு முறையும். பேசித் திருத்த எதிரே ஒரு முதலாளி கிடையாது. அப்பாவே முதலாளி, அவரும் தூங்கியிருக்கமாட்டார்.

இந்த ஓட்டை நம் சட்டத்திலும் இருக்கிறது. 1986 சட்டம் குடும்பப் பட்டறைகளுக்கு விலக்கு தந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே வேலை கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விட்டது. ராத்திரி வலை கட்டுவது பள்ளி நேரத்துக்குப் பிறகுதான் என்றாலும், 2017 விதிகள் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை குழந்தைகள் அப்படி உதவக்கூடாது என்கின்றன. ராத்திரி ஏரியில் அதை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி.

பிரிக்கப்படாத ஆந்திரத்தில் வேலையைத் தொடங்கிய சாந்தா சின்ஹாவின் எம்.வி. பவுண்டேஷன் இதற்கு நேர் எதிர். பள்ளியில் இல்லாத எந்தக் குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே, பகுதி நேரச் சமரசம் கிடையாது என்பது அவர்கள் கொள்கை. கிராமத்து இளைஞர்களை வைத்தே வீடு வீடாகப் பேசி இதைச் செய்து காட்டினார்கள். பையன் எங்கே இருக்கணும் என்பதில் நான் இவர்கள் பக்கம். யாரைக் கேட்டு முடிவெடுக்கணும் என்பதில் குந்தாபுரம் பக்கம்.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? பாட்டில் யார் சேரலாம், எந்த நாளில் யார் இறங்கலாம் என்று ஊர் ஏற்கெனவே விதி வைத்திருக்கிறது. பள்ளி நாளுக்கு முந்தைய ராத்திரி சிறுவர்கள் படகில் ஏறக்கூடாது, ஆள் குறைந்தால் இன்னொரு பெரியவரைத் தரவேண்டும் என்று அந்த ஊரே ஒரு விதி சேர்க்கலாமே. ஆனால் நம் கடற்கரை ஊர்க்கூட்டங்களில் சிறுவர்கள் உட்காருவது வழக்கமில்லை. பிரகடனம் கேட்பது அந்த இடத்தைத்தான்.

இதுவும் எல்லாருக்கும் உதவாது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்குப் பாட்டு உரிமையே இல்லை. முகத்துவாரம் மண் மூடி ஏரிக்குக் கடல்நீர் வருவது குறைந்தால், யாருக்குமே கைக்கு வரும் இறால் குறையும். அப்போது ஒரு பாட்டைக்கூட விடமுடியாது, சின்னக் கையும் தேவைப்படும். வறுமையை முதலில் கவனியுங்கள் என்று சிறுவர்கள் எழுதியது அங்கேதான் வந்து நிற்கிறது.

அடுத்த தடவை போனால் அந்தப் பையனிடம் "ஸ்கூல் இல்லையா?" என்று கேட்கப்போவதில்லை. அடுத்த பாடு என்னைக்கு, அன்னைக்கு யார் குறையறாங்கன்னு கேட்கணும்.