சுறாக்களின் அவையிலே

கண்டோம், அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சியை. செல்வர் ஐவர் வரிசையாக வீற்றிருக்கின்றனர். நீண்ட நடைவழியைக் கடந்து வருகிறான் ஒருவன்; தன் உழைப்பில் உருவான பொருளைக் காட்டி, முதலீடு வேண்டி நிற்கிறான். சுறாத்தொட்டி என்பது பெயர்! பெயரிட்டோர் உண்மையை ஒளிக்கவில்லை, பாராட்டுகிறோம்.

2001இல் ஜப்பானில் 'பணப்புலிகள்' எனப் பிறந்து, 2005இல் பிரிட்டனில் 'டிராகன்களின் குகை'யாகி, 2009இல் அமெரிக்காவில் சுறாவாயிற்று. நாடு மாறிற்று, பெயர் மாறிற்று, பற்கள் மாறவில்லை!

தகுதியை அளக்கும் மேடையாம் இது! 2013இல் ஜேமி சிமினோஃப் என்பார் வாயில்மணிக் கருவியொன்றைக் காட்டி 7 இலட்சம் டாலர் கேட்டார், வெறுங்கையுடன் திரும்பினார். 2018இல் அமேசான் அந்நிறுவனத்தை 80 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிற்று. அதே ஆண்டில் அவரையே சுறாக்களின் வரிசையில் விருந்தினராய் அமர்த்தினர்! அறிவு அன்றும் அவரிடம் இருந்தது; பணம்தான் இல்லை. அளக்கப்பட்டது எது?

இன்னும் கேளுங்கள். தொடக்க ஆண்டுகளில் மேடையேறியோர், ஒரு காசும் பெறாவிடினும், இலாபத்தில் 2 விழுக்காடோ நிறுவனத்தில் 5 விழுக்காடு பங்கோ தயாரிப்பாளர் கேட்டால் தர இசைந்தாக வேண்டும். இரப்பவன் ஏந்திய கலத்துக்கே வரி! அவ்விதி 2013இல் நீங்கிற்று. நின்றவர்களின் குரலாலா? இல்லை; வீற்றிருந்தவருள் ஒருவரான மார்க் கியூபன் மறுத்ததால்.

அவர் செய்தது நன்றே. ஆயினும், செல்வர் மனங்கனிந்தால் மட்டுமே கிட்டும் நீதியை நீதியென்று ஏற்க நாம் ஒருப்படோம். மனங்கனிந்து தருவது கொடை. கேளாமலே கிடைப்பதன்றோ உரிமை?