ஆவியும் புகையும்: ஒரு சொல்லாராய்ச்சி

ஒரு பொருளுக்குப் பொருந்தாப் பெயரிட்டு வழங்குதல் மொழிக்குச் செய்யும் குற்றம் மட்டுமன்று. அப்பெயரை நம்பி ஏமாறும் மக்களுக்குச் செய்யும் தீங்குமாகும். 'வேப்' என்று இந்நாட்டில் வழங்கும் மின்கருவியை உறிஞ்சுவோர், "இது புகையன்று, வெறும் ஆவியே" என்கின்றனர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம்மவர் சிலரும் 'ஆவி பிடித்தல்' என்றே கூறத் துணிகின்றனர். இவ்வழக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆவி என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். உயிர், மூச்சு, பெருமூச்சு, நீராவி, பேய் ஆகிய யாவற்றையும் அஃது உணர்த்தும். ஆயினும் 'ஆவி பிடித்தல்' என்ற அளவில் நம் மக்கள் கொள்ளும் பொருள் ஒன்றே. கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவிலும், அதைச் சூழ்ந்த பால்மர, செம்பனைத் தோட்டங்களிலும், சுங்கைப்பட்டாணி நகரிலும் தடுமன் பிடித்தவருக்கு வீட்டுப் பெரியவர் செய்யும் கைவைத்தியம் அது. கொதிநீரில் நொச்சித் தழையோ மஞ்சளோ இட்டுத் தலைமேல் போர்வையை மூடிக்கொண்டு மூச்சிழுப்பர். வேது பிடித்தல் என்பது அதற்குப் பழைய பெயர். அண்டை வீட்டு மலாய்க்காரரும் பிள்ளை பெற்ற தாய்க்குத் தழையிட்ட வெந்நீரின் ஆவியை உடலிற் படச்செய்து, அதைப் 'பெர்த்தாங்காஸ்' என்பர்.

சித்த வைத்தியர் புறமருத்துவத்தை 32 வகையாகப் பகுத்தனர். அவற்றுள் வேது ஒன்று, புகை மற்றொன்று. நீரைக் காய்ச்சி எழுப்புவதை வேது என்றும், சரக்கை எரித்து எழுப்புவதைப் புகை என்றும் பிரித்தறிந்து பெயரிட்டனர். இரண்டும் மருந்தாயினும் ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு இடவில்லை. அத்தகைய மொழியையுடைய நாம், மருந்தே அல்லாத ஒன்றுக்கு மருந்தின் பெயரை இரவல் கொடுக்கலாமா?

நிற்க. ஆவி பிடித்தலைச் சர்வரோக நிவாரணி என்று நாம் புகழ வரவில்லை. கொரோனாத் தொற்றுப் பரவிய 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் தோன்றியபோது, அங்ஙனம் செய்யவேண்டாமென்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். நீராவி மூக்கடைப்பைத் தளர்த்தலாம், அத்தொற்றை ஒழிக்காது. மருந்துக்கும் எல்லையுண்டு. ஆயினும் தடுமன் தீர்ந்தவன் மறுநாளும் போர்வையைத் தேடுவதில்லை. இவ்வொன்றையே வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம்.

இனி, வேப் என்னும் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். ஆவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. அத்தகைய கருவி கற்பனையாயிருந்த 1983ஆம் ஆண்டிலேயே அச்சொல் அச்சேறிவிட்டது. சீனத்து மருந்தாளர் ஹொன் லிக் இக்காலக் கருவியை உருவாக்கியது 2003ஆம் ஆண்டில். 2014ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதியார் அதனையே தேர்ந்தெடுத்தனர். இங்ஙனம் பெயர் முந்திற்று, பொருள் பிந்திற்று, வாணிகமோ இரண்டையும் முந்திச் சென்றது.

அக்கருவியில் எழுவது நீராவியா? அன்று. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைச் சரக்கு, பெரும்பாலும் நிக்கோட்டின் ஆகியவை கலந்த நீர்மத்தை மின்கம்பிச் சுருள் சூடாக்குகிறது. அதிலிருந்து எழும் நுண்துளிப் படலமே நுரையீரலுட் புகுகிறது. நிக்கோட்டினோ மனிதனைத் தனக்கு அடிமையாக்குவது. இளம்பருவத்து மூளை வளர்ச்சிக்கு ஊறு செய்வது.

"சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்ததன்றோ?" என்பாரும் உளர். எரிதல் இன்மையால் தாரும் கரியமில நச்சுவாயுக்களும் பெரிதும் குறையும் என்பது மெய்யே. ஆனால் அவ்வாதம் சிகரெட்டை விடமுயலும் முதியவனுக்கு உரியது. ஒருநாளும் புகைத்தறியாத பள்ளி மாணவன் அதை எடுத்துப் பேசுவது எற்றுக்கு?

"எரியாததைப் புகை என்பது இலக்கணமோ?" என்று வேறு சிலர் வினவலாம். பொருளின் பயனையும் பழக்கத்தையும் நோக்கிப் பெயரிடுதல் உலக வழக்கே. சீனர் இதனை 'மின்புகை' என்னும் பொருள்படவே வழங்குகின்றனர். மலாய்மொழியில் 'ரோக்கோக் எலெக்ட்ரோனிக்' என்பர். ரோக்கோக் என்பது சிகரெட். மலேசியச் சட்டமும் அவ்வழியே சென்றது. 2023ஆம் ஆண்டில் நிக்கோட்டின் நீர்மம் நச்சுப்பொருட் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. சிறுவருக்கு அதை விற்பதைத் தடுக்கும் சட்டம் அதன்பின் வரவேண்டியதாயிற்று. 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 852ஆம் சட்டம் வேப்பையும் புகைப்பொருள் என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்த்து, 18 வயது நிரம்பாதோர்க்கு விற்றலைத் தடுத்தது. சட்டம் புகையென்று கண்டதை நாம் ஆவியென்று அழைத்தல் அறிவுடைமையாகுமா?

தமிழிலக்கணமே இங்கு நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. 'அவன் ஆவி பிடித்தான்' என்பதில் அவன் எழுவாய். 'ஆவி அவனைப் பிடித்தது' என்பதில் அவன் செயப்படுபொருள். பின்னையதைப் பேய்க்கதை என்று நாம் தள்ளுகிறோம். ஆனால் வேப் பழகுவோன் திறத்திலோ முதற்றொடர் சின்னாளில் இரண்டாந் தொடராகி விடுகிறது. இந்த ஆவியை ஓட்டப் பூசாரியால் ஆகாது. வைத்தியரும் மனவுறுதியுமே வேண்டும்.

ஆதலின் இதனை மின்புகை என்றும், இதன் செயலைப் புகைத்தல் என்றும் வழங்குதலே நேர்மையெனக் கொள்கிறோம். இதழாசிரியரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் இச்சொல்லைக் கையாண்டு பரப்புவாராக. பிள்ளை "ஆவிதானே, அம்மா" என்று சொல்லும்போது, "இல்லையப்பா, அது புகை" என்று திருத்தும் சொல் தாயின் நாவில் இருத்தல் வேண்டும்.